செங்கோலில் ஏறிய கண்

மாஸ்கோவின் கிரெம்ளின் கோட்டைக்குள் வைர நிதியம் என்றொரு காட்சிக்கூடம் இருக்கிறது. ரஷ்யப் பேரரசர்களின் மணிமுடியும் செங்கோலும் அங்கேதான் காவலில் உள்ளன. 1967 முதல் பொதுமக்களும் பார்க்கலாம். செங்கோலின் தலைப்பகுதியில், இரட்டைத் தலைக் கழுகுக்குக் கீழே, பெரிய வைரம் ஒன்று பதித்திருக்கிறார்கள். எடை 189.62 காரட். கிராமில் ஏறக்குறைய 38. நம் கணக்கில் ஐந்து பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. நீளம் 35 மில்லிமீட்டர், உயரம் 22. அடி தட்டை, மேல்புறம் குவிந்து, முட்டையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி. மேலெல்லாம் சுமார் 180 பட்டைகள். நிறத்தில் மெல்லிய நீலப்பச்சைச் சாயல்.

ஓர்லோவ் வைரம் என்பது அதன் பெயர். அது திருவரங்கத்துப் பெருமாளின் கண் என்று தலைமுறை தலைமுறையாக ஐரோப்பியப் புத்தகங்கள் எழுதிவருகின்றன. கண்ணைப் பெயர்த்தவன் பிரெஞ்சுச் சிப்பாய். கல்லோடு கூடவே அர்ச்சகர் சாபமும் கடல் கடந்தது. அதைத் தொட்டவன் உருப்பட்டதில்லை. இப்படிப் போகிறது கதை.

வைகுண்ட ஏகாதசிக்கு முசிறி, தொட்டியம் பக்கத்திலிருந்து முதல்நாளே பஸ் ஏறி வந்து, இரத்தினாங்கியில் நம்பெருமாள் பரமபத வாசல் கடப்பதைப் பார்க்க விடிய விடிய நிற்பவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் பாதிப் பேர் உச்சுக்கொட்டுவார்கள், மீதிப் பேர், “அப்படியா, அந்தக் கல்லைத் திருப்பி வாங்க முடியாதா?” என்று கேட்பார்கள். இரண்டாவது கேள்விதான் நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் போனால் சாபம், சந்தை, கல்வெட்டு, காவல் நிலையம் என்று பல இடங்களுக்குப் போய்வர வேண்டியிருக்கிறது.

புயல் இரவில் ஒரு திருட்டு

முதலில் கதை. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில், கர்நாடகப் போர்களின் காலத்தில், பிரெஞ்சுப் படையிலிருந்து ஓடிவந்த சிப்பாய் ஒருவன் திருச்சிப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தான். அரங்கன் கோயில் உள் பிரகாரங்களுக்குள் வேற்று மதத்தாருக்கு இடமில்லை என்று தெரிந்ததும், மதம் மாறிவிட்டதாகச் சொல்லிக் கோயில் வேலையில் சேர்ந்தான். வருடக்கணக்கில் நல்லவனாக நடித்து நம்பிக்கையைச் சம்பாதித்தான். புயலும் மழையுமான ஓர் இரவில் கருவறைக்குள் புகுந்து பெருமாளின் ஒரு கண்ணைப் பெயர்த்தெடுத்தான். இன்னொரு கண்ணில் கை வைப்பதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. மதிலேறிக் குதித்து, ஆற்றைக் கடந்து, ஆங்கிலேயர் பக்கம் ஓடிவிட்டான். சென்னையில் ஒரு கப்பல் கேப்டனுக்கு 2,000 பவுண்டுக்கு விற்றான். கேப்டன் அதையே லண்டனில் 12,000 பவுண்டுக்கு விற்றான்.

அங்கிருந்து பல கை மாறி, ஆர்மீனிய வணிகர்கள் வழியாகக் கல் ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்தது. வாங்கியவர் கிரிகோரி ஓர்லோவ். 1762-இல் கணவர் மூன்றாம் பீட்டரைக் கவிழ்த்துக் கேதரின் அரியணை ஏறியபோது தோள் கொடுத்தவர், அரசியின் காதலர். 1772 வாக்கில் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. விட்ட இடத்தைப் பிடிக்க 1773-இல் அரசியின் பெயர்நாளன்று இந்த வைரத்தைக் காணிக்கையாகக் கொடுத்தார். அரசி கல்லை ஏற்றுக்கொண்டார், ஆளை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு கல் செங்கோலில் ஏறியது. ஓர்லோவ் 1783-இல் சித்தம் கலங்கிய நிலையில் இறந்தார்.

ஆம்ஸ்டர்டாமுக்குப் பிந்திய பகுதி வரலாறு. அதற்கு முந்தியதைத்தான் தட்டிப்பார்க்க வேண்டும்.

கணக்கு இடிக்கும் இடங்கள்

பிரெஞ்சுப் படை திருவரங்கத்தில் இருந்தது உண்மை. 1751-இல் ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரரும் திருச்சிக் கோட்டையை முற்றுகையிட்டனர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள தீவும், ஏழு மதில் சூழ்ந்த கோயிலும், தயாராகக் கட்டிவைத்த கோட்டையாக இரு தரப்புக்கும் பயன்பட்டன. கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம், ஆங்கிலேயப் படை வெளிப் பிரகாரங்களுக்குள் நுழைந்தபோது, இதற்கு மேல் உள்ளே வரவேண்டாம் என்று கோயிலார் மன்றாடியதை எழுதியிருக்கிறார். 1752-இல் ஆங்கிலேயப் படையின் கிளைவ் சமயபுரத்தில் பாளையம் இறங்கிப் பாண்டிச்சேரிப் பாதையை அடைத்தார். ஜூன் மாதம் பிரெஞ்சுத் தளபதி லா சரணடைந்தார். சந்தா சாகிப் தலையிழந்தார். மறு ஆண்டே பிரெஞ்சுப் படை தீவுக்குத் திரும்பி வந்தது.

ஆனால் கதை சொல்லும் புத்தகங்கள் திருட்டுக்குத் தரும் ஆண்டு 1747, அல்லது 1750. பிரெஞ்சுப் படை திருவரங்கத் தீவில் கால்வைப்பதற்கு முந்திய ஆண்டுகள் அவை. திருடிய சிப்பாய்க்குப் பெயர் இல்லை. வாங்கிய கேப்டனுக்கும் இல்லை. விற்ற விலை மட்டும் சுத்தமாக இருக்கிறது.

அடுத்தது திருமேனி. மூலவர் பெரிய பெருமாள் கல்லில் வடித்தவர் அல்லர், சுதைத் திருமேனி. அதனால்தான் அவருக்குத் திருமஞ்சனம் இல்லை, தைலக்காப்பு மட்டும். உற்சவர் நம்பெருமாளோ உலோகத் திருமேனி, தோளில் ஏற்றி வீதிவலம் கொண்டுபோகும் அளவு. மூன்றரை சென்டிமீட்டர் நீளமும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் புடைப்பும் உள்ள கல் அவர் கண்ணில் அடங்காது. அளவில் பொருந்தக்கூடியவர் மூலவர் ஒருவர்தான். சுதையில் பதித்த கல்லை ஒரே இரவில் தனியாளாகப் பெயர்த்தால் முகம் என்ன ஆகியிருக்கும்? அதைச் சீர் செய்ய எத்தனை நாள் நடை சாத்தியிருக்க வேண்டும்? ஆண்டுக்கணக்கில் ஊரே பேசியிருக்க வேண்டிய பெரும் சம்பவம், கதையில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

கல்லின் பிறப்பைப் பற்றி இன்னொரு வாதம் உண்டு. 1665-இல் ஔரங்கசீப்பின் அரண்மனையில் ‘பெரிய முகலாயர்’ என்னும் வைரத்தைப் பிரெஞ்சு வணிகர் டாவர்னியர் கையில் வாங்கிப் பார்த்தார். பாதி முட்டை போன்ற வடிவம் என்று எழுதிவைத்தார். வெனிஸ் நகரத்து ஹோர்டென்சியோ போர்ஜியோ அந்தக் கல்லைத் தேய்த்துத் தேய்த்தே பெரும்பகுதியை வீணடித்தார். கூலி கொடுப்பதற்குப் பதில் அரசர் அவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டார். 1739-இல் பாரசீக அரசர் நாதிர் ஷா டெல்லியைச் சூறையாடிய பிறகு அந்த வைரத்தைப் பற்றிய பேச்சே இல்லை. ரஷ்யக் கனிமவியலாளர் ஃபெர்ஸ்மன் 1920-களில் கிரெம்ளின் நகைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து பட்டியல் போட்டவர். ஓர்லோவும் பெரிய முகலாயரும் ஒன்றே என்பது அவர் முடிவு. டாவர்னியர் சொன்ன எடை 280 காரட் என்பதால் எடையில் இடிக்கிறது, வடிவத்தில் பொருந்துகிறது. வைர வரலாறு எழுதுவோர் பலரும் இந்தப் பக்கமே சாய்கிறார்கள்.

அப்படியானால் திருவரங்கம் எங்கே வந்தது? டெல்லியிலிருந்து பாரசீகம் போன கல், எட்டுப் பத்து ஆண்டுகளில் காவிரிக் கரைக்கு வந்து பெருமாளின் கண்ணாகி, அங்கிருந்து திருட்டும் போயிருக்க வேண்டும். நம்புவது கடினம். ஓர்மின் நூலின் முதல் தொகுதி 1763-இல் வெளிவந்தது. திருச்சி முற்றுகையும் தீவுக் கோயிலும் லண்டன் வாசகர்களுக்குப் பழக்கமான பெயர்களாகின. பத்து ஆண்டு கழித்து, ஊர் பேர் தெரியாத ஒரு கல்லை விற்க வந்தவர்களுக்கு ஒரு கோயிலும் ஒரு போரும் ஓடிப்போன சிப்பாயும் தேவைப்பட்டபோது, மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தன. பாரசீக அரண்மனையில் கொள்ளை போன கல் என்றால் உரிமை கேட்டு ஓர் அரசன் வரலாம். பெயரில்லாச் சிப்பாய் எடுத்த கல் என்றால் யாரைப் போய்க் கேட்பது?

சில ஐரோப்பிய நூல்கள் இதே திருட்டை மைசூர்ப் பக்கத்து ஸ்ரீரங்கப்பட்டினத்தில் வைத்துச் சொல்வதும் உண்டு. அங்கும் காவிரித் தீவு, அங்கும் பள்ளிகொண்ட அரங்கன். எந்த ஊர் என்றுகூடத் தெரியாமல் வளர்ந்த கதை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சாபம் வந்த பாதை

1812-இல் நெப்போலியன் மாஸ்கோவுக்குள் நுழைந்தார். ஓர்லோவ் வைரத்தைக் கிரெம்ளினில் ஒரு பாதிரியாரின் கல்லறைக்குள் ஒளித்துவைத்திருந்தார்களாம். பிரெஞ்சு வீரர்கள் கல்லறையைத் திறந்ததும் ஆவி ஒன்று எழுந்து சபித்ததாம். அரங்கன் கோயில் அர்ச்சகரின் ஆவி என்றும் சொல்வார்கள். நெப்போலியன் கல்லைத் தொடாமல் திரும்பினார் என்று முடிகிறது கதை. அவரைத் திருப்பி அனுப்பியது எரிந்த நகரமும், தீர்ந்த உணவும், அடுத்து வந்த பனியும். திருவரங்கத்து அர்ச்சகரின் ஆவி மாஸ்கோப் பாதிரியார் கல்லறையில் எப்படிக் குடியேறியது என்பதைக் கதை விளக்குவதில்லை.

சாபத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு: கெட்டுப்போனவர்களை மட்டும் எண்ணாமல், நன்றாக வாழ்ந்தவர்களையும் எண்ணுவது. கல்லைப் பெற்ற கேதரின் அதன் பிறகு 23 ஆண்டுகள் ஆண்டு, 67 வயதில் இறந்தார். ஐரோப்பிய அரசர்களில் அவரளவு அதிகாரத்தோடு ஆண்டவர்கள் குறைவு.

இதே பெயரில் இன்னொரு கல் இருக்கிறது: கறுப்பு ஓர்லோவ், 67.5 காரட். இதைப் பாண்டிச்சேரிப் பக்கத்துக் கோயிலில் பிரம்மாவின் கண்ணாக இருந்தது என்பார்கள். ஒரு துறவி திருடினாராம், சபிக்கப்பட்டாராம், பிறகு ஒரு நகை வணிகரும் இரண்டு ரஷ்ய இளவரசிகளும் மாடியிலிருந்து குதித்து மாண்டார்களாம். அந்த இளவரசிகளில் ஒருவர் லியோனிலா பரியாதின்ஸ்கி. அவர் உண்மையில் 1816-இல் பிறந்து 1918-இல், 101 வயதில் இறந்தவர். நதியா என்ற இன்னொரு இளவரசி வாழ்ந்ததற்கே ஆதாரம் கிடைக்கவில்லை. பிரம்மாவுக்குக் கோயிலே அரிதான தமிழ்நாட்டில், பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் பிரம்மாவின் கண்ணைத் தேடியவர்கள், நம்மூர்ப் பாட்டி ஒருவரிடம் கேட்டிருந்தாலே தெளிந்திருப்பார்கள்.

சாபம் எப்படித் தயாராகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க ஹோப் வைரம் போதும். 45.52 காரட் நீலக் கல்; ஆந்திரத்தின் கொல்லூர்ச் சுரங்கத்தில் பிறந்தது என்பது பெரும்பாலானோர் கருத்து. டாவர்னியர் அதைச் சிலையின் கண்ணிலிருந்து பிடுங்கியதால் நாய்கள் கடித்துக் குதறிச் செத்தார் என்று விளம்பரம் சொன்னது. டாவர்னியர் எண்பது வயதைத் தாண்டியும் பயணம் போய்க்கொண்டிருந்தவர். 1689-இல் ரஷ்யாவில் இறந்தார். பாரிஸ் நகை வணிகர் பியர் கார்த்தியே 1911-இல் அமெரிக்கச் செல்வப் பெண்மணி ஈவ்லின் வால்ஷ் மெக்லீனுக்கு அந்தக் கல்லை விற்றபோது, சாபக் கதையை ஒன்றுவிடாமல் சொல்லித்தான் விற்றார். ஆறு மாதத்துக்குள் குடும்பத்தில் யாராவது இறந்தால் அதே மதிப்புள்ள வேறு நகை மாற்றித் தருவதாக ஒப்பந்தத்தில் ஒரு வரியும் சேர்ந்தது. சாபத்துக்கு வியாபாரி உத்தரவாதச் சீட்டு எழுதிக் கொடுத்த இடம் அது. 1958-இல் நகை வணிகர் ஹாரி வின்ஸ்டன் அந்தக் கல்லைச் சாதாரணப் பதிவுத் தபாலில் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். இன்று அங்கே அதிகக் கூட்டம் சேரும் பொருள்களில் அது ஒன்று.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ‘டெல்லி ஊதா நீலக்கல்’ என்றொரு செவ்வந்திக் கல் உள்ளது. 1857-இல் கான்பூரில் இந்திரன் கோயிலிலிருந்து கொள்ளை போனது, இரத்தக் கறையும் சாபமும் படிந்தது என்று அதன் சொந்தக்காரர் எட்வர்ட் ஹெரான்-ஆலன் எழுதிய எச்சரிக்கைச் சீட்டும் கல்லோடு இருக்கிறது. அவர் கதாசிரியரும்கூட. 1921-இல் புனைபெயரில் ஊதா நீலக்கல்லைப் பற்றிச் சிறுகதை வெளியிட்டவர். தன் கதைக்குத் தானே சான்றுப் பொருள் தயாரித்துவிட்டார் என்பதே பலரின் ஊகம்.

நாவலிலிருந்து விளையாட்டுக்கு

வில்கி காலின்ஸ் 1868-இல் ‘மூன்ஸ்டோன்’ நாவலை எழுதினார். ஆங்கிலத்தின் முதல் முழுநீளத் துப்பறியும் நாவல் என்று பலர் சொல்லும் நூல். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தபோது ஓர் ஆங்கிலேய அதிகாரி புனிதக் கல்லைக் கொள்ளையடிக்கிறார். மூன்று பிராமணர்கள் இங்கிலாந்து வரை அதைத் தேடிப் போகிறார்கள். ரஷ்யச் செங்கோலில் உள்ள வைரமும் கோகினூரும்தான் தமக்குத் தூண்டுதல் என்று முன்னுரையில் காலின்ஸ் சொல்லிவிட்டார். திருவரங்கத்துக் கதை அங்கிருந்து உலகெங்கும் கிளை விட்டது. 1916-இல் மேடையேறிய டன்சனி பிரபுவின் ஓரங்க நாடகத்தில் சிலையே தன் மாணிக்கக் கண்ணைத் தேடி நடந்து வந்துவிடுகிறது. கற்பனை உலக விளையாட்டுகளுக்கு மூலமான ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ 1978-இல் வெளியிட்ட ஆட்டக்காரர் கையேட்டின் அட்டைப்படம் என்ன? பெரிய சிலை ஒன்றின் மேலேறி இரண்டு திருடர்கள் கண்மணியை நெம்புகிறார்கள். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் கைபேசியில் விளையாடும்போது சிலையின் கண்ணில் மின்னும் கல்லைத் தொட்டதும் திரை சிவந்து சாபம் இறங்குகிறதே, அதன் கொள்ளுத்தாத்தா அந்தப் பெயரில்லாத பிரெஞ்சுச் சிப்பாய்.

நம் பக்கத்துச் சாபம்

தமிழ் மரபில் தெய்வத்தின் கண்ணைப் பற்றிய பெரிய கதை ஒன்று உண்டு. அதில் எடுப்பவர் இல்லை, கொடுப்பவர் இருக்கிறார். காளத்தியில் கண்ணப்பர் தம் கண்ணைப் பெயர்த்துச் சிவனின் கண்ணில் அப்பினார்.

சிலைத் திருட்டும் சாபமும் கலந்த கதை நம்மிடம் இல்லாமலில்லை. அதுவும் திருவரங்கத்தோடு ஒட்டிய கதைதான். கோயில் மதில் திருப்பணிக்குப் பணம் இல்லாமல் திருமங்கையாழ்வார் நாகப்பட்டினத்துப் பொன் புத்தர் சிலையைக் கவர்ந்து வந்தார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. வரும் வழியில் சிக்கலுக்குப் பக்கத்திலுள்ள திருக்கண்ணங்குடியில் இருட்டிவிட்டது. உழுது கிடந்த வயலில் சிலையைப் புதைத்து, பக்கத்துப் புளியமரத்திடம், “நான் தூங்கப் போகிறேன், நீ தூங்காதே” என்று காவல் சொல்லிப் படுத்தார். விடியலில் வயல்காரர் உழ வந்தபோது மரம் இலைகளை உதிர்த்து ஆழ்வாரை எழுப்பியது.

வயல்காரர் சும்மா விடுவாரா? நிலம் யாருடையது என்று வழக்கு மூண்டது. “என்னுடையதுதான், பட்டயம் திருவரங்கத்தில் இருக்கிறது, ஒருநாள் தவணை கொடுங்கள்” என்றார் ஆழ்வார். ஊர்ப் பஞ்சாயத்தும் கொடுத்தது. தவணை முடிவதற்குள் சிலையோடு கிளம்பிவிட்டார். இடையில் கிணற்றடியில் தண்ணீர் கேட்டபோது, ‘நிலத்தைக் கேட்டவர் கிணற்றையும் கேட்பாரோ’ என்று பெண்கள் மறுத்தார்கள். ஊரிலே கிணறு ஊறாமல் போகட்டும் என்று சாபம் விழுந்தது. உறங்காப் புளி, ஊறாக் கிணறு, தோலா வழக்கு, காயா மகிழ் என்று அந்தத் திவ்விய தேசத்தின் நான்கு அடையாளங்களை இன்றும் ஊரார் வரிசையாகச் சொல்வார்கள். திருவரங்கத்தில் ஒரு திருச்சுற்றுக்கே ஆலிநாடன் திருச்சுற்று என்று ஆழ்வாரின் பெயர்.

இந்தக் கதையில் சபிப்பவர் சிலையை எடுத்துப் போனவர். சபிக்கப்பட்டவர்கள் தண்ணீர் தர மறுத்த ஊரார். வைணவர்களுக்கு இது பெருமாளுக்காகச் செய்த கைங்கரியம். நாகையில் புத்தரை வணங்கியவர்கள் பக்கம் நின்று பார்த்தால், பிரெஞ்சுச் சிப்பாயின் கதையில் நாம் எந்த இடத்தில் நிற்கிறோமோ, அந்த இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள்.

கதைக்கு வெளியே, அன்றாட நிர்வாகத்தில் புழங்கிய சாபம் கல்வெட்டுகளில் இருக்கிறது. நிலம், விளக்கு, ஆடு, பொன் என்று எதைக் கோயிலுக்கு எழுதிவைத்தாலும் கடைசி வரியில் ஒரு எச்சரிக்கை உண்டு: இந்தத் தர்மத்துக்குக் கேடு நினைப்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான். காப்பவனுக்கு மறுபக்கம் மரியாதை: அவன் பாதம் கொடையாளியின் தலைமேல். கல்வெட்டு அறிஞர்கள் இதை ஓம்படைக்கிளவி என்பார்கள். ‘சிவன் சொத்து குலநாசம்’ என்ற பழமொழியும் இதே குரல்தான். திருவரங்கத்தில் மட்டும் அறுநூறுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் படித்து அச்சேறியுள்ளன.

ஓம்படைக்கிளவி மிரட்டியது முகம் தெரியாத கொள்ளைக்காரனை அல்ல. நாளைக்கு நிலத்தை அமுக்கக்கூடிய கணக்கனையும், ஊர்ச் சபையையும், அடுத்து வரும் அரசனையும். அந்தச் சாபம் தனியாகவும் வராது. அதற்கு மேலே, எல்லை, அளவு, எடை, பொறுப்பாளி பெயர் எல்லாம் எழுதியிருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கொடுத்த நகைகளைப் பாருங்கள். ஒவ்வொரு நகையிலும் எத்தனை வைரம், எத்தனை மாணிக்கம், முத்தில் வட்டம் எத்தனை, அனுவட்டம் எத்தனை, குறுமுத்து எத்தனை, நூலும் அரக்கும் போக எடை எத்தனை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’ என்ற எடைக்கல், இரத்தினத்துக்குத் ‘தக்ஷிணமேரு விடங்கன்’ என்று இன்னொன்று. அந்த நகைகள் என்றோ போய்விட்டன. அவை என்னென்ன என்பது ஆயிரம் ஆண்டு கழித்தும் தெரிகிறது. திருவரங்கத்துக் கண் என்று சொல்லப்படும் கல்லுக்கு இப்படி ஒரே ஒரு வரி இருந்திருந்தால், மாஸ்கோவோடு பேச நமக்கு ஆதாரம் இருந்திருக்கும்.

சபிக்காத சாமி, வழக்குப் போட்ட சாமி

திருவாரூர்ப் பக்கத்துப் பத்தூரில் 1976-இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த நடராசர் லண்டன் போய்ச் சேர்ந்தார். யாரும் சபித்ததாகத் தெரியவில்லை. இடிந்து கிடந்த கோயிலின் சிவலிங்கத்தையும் ஒரு தரப்பாக நிறுத்தி லண்டன் நீதிமன்றத்தில் வழக்காடினார்கள். 1988-இல் தீர்ப்பு சாதகமாக வந்தது. மேல்முறையீடும் முடிந்து 1991-இல் நடராசர் தமிழ்நாடு திரும்பினார்.

அடுத்தது ஸ்ரீபுரந்தான். முன்பு திருச்சி மாவட்டத்தோடு இருந்து இப்போது அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் ஊர். பூட்டிக் கிடந்த பிரகதீஸ்வரர் கோயிலிலிருந்து சோழர் காலத்து நடராசரும் மற்ற திருமேனிகளும் களவு போயின. 2008-இல் பாதுகாப்பு மையத்துக்கு எடுத்துப் போக அதிகாரிகள் வந்தபோதுதான் ஊருக்கே தெரிந்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அந்த நடராசரை 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. விற்றவர் நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர். டெல்லியில் பணியாற்றிய சூடான் நாட்டவர் ஒருவர் 1970 வாக்கில் வாங்கிய சிலை என்று போலிக் காகிதம் தயாராக இருந்தது. ஓர்லோவ் வைரத்துக்குப் பெயரில்லாச் சிப்பாய் செய்த வேலையை, நடராசருக்கு அந்தக் காகிதம் செய்தது.

பொய்யை உடைத்தது புகைப்படம். புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் ஊர் ஊராகப் போய்க் கோயில் திருமேனிகளைப் படம் எடுத்து அட்டவணை போட்டுவைத்திருந்தார்கள். 1994-இல் ஸ்ரீபுரந்தானில் எடுத்த படத்தில் இருந்த நடராசரும் கான்பெராவில் நின்ற நடராசரும் ஒருவரே என்று நிரூபணமானது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லி வந்து சிலையைத் திருப்பித் தந்தார். 2011-இல் ஜெர்மனியில் பிடிபட்ட கபூருக்கு, உடையார்பாளையம் சிலைத் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டு சிறை விதித்தது.

1983-இல் தமிழ்நாடு காவல்துறை சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவைத் தொடங்கியது. திரும்பி வந்த சிலைகளின் வழக்குகளைப் புரட்டினால் ஒன்று தெளிவாகும்: எந்தச் சிலைக்குப் பழைய படம் இருந்ததோ, அது திரும்ப வழி பிறந்தது. படம் இல்லாதது அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் ‘தென்னிந்தியா, சோழர் காலம்’ என்ற சீட்டோடு நிற்கிறது.

1959-ஆம் ஆண்டு அறநிலையத் துறைச் சட்டம் ஒவ்வொரு கோயிலுக்கும் சொத்துப் பதிவேடு கேட்கிறது. அதில் நகை, பாத்திரம், விக்கிரகம் எல்லாம் எடையோடும் மதிப்போடும் ஏற வேண்டும். ஆண்டுதோறும் சரிபார்க்கவும் வேண்டும். பெரிய கோயில்களில் இது நடக்கிறது. ஒரு கால பூசைக்கே ஆள் தேட வேண்டிய கோயில்களைத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும். முசிறியிலிருந்து குணசீலம் வரை காவிரி வடகரையில் உள்ளே உள்ளே போனால் அப்படிப்பட்ட சிறு கோயில்கள் எத்தனை!

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் போகும்போது, அர்ச்சகரிடமும் நிர்வாகத்தாரிடமும் அனுமதி கேட்டு, உற்சவத் திருமேனிகளை அலங்காரம் களைந்த நிலையில் முன், பின், இரு பக்கம் எனப் படம் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். உயரத்தை அளந்து எழுதுங்கள். பீடத்தில் எழுத்து இருந்தால் அதைத் தனியாகப் படம் எடுங்கள். உடைந்த விரல், தேய்ந்த மூக்கு, ஒட்டுப்போட்ட இடம் எதையும் விடாதீர்கள். அடையாளம் காட்டுவது அவைதான். படங்களைக் கைபேசிக் குழுக்களில் பரப்ப வேண்டாம். திருடனுக்கும் அது பட்டியல். ஒரு பிரதியைக் கோயிலிலும், இன்னொன்றை அறநிலையத் துறை அலுவலகத்திலும் கொடுத்து, பதிவேட்டில் ஏற்றச் சொல்லி ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.